'கட்' சொல்லக் கூடாத ஷாட்

போன வாரம் ஷாலினி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்றபிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கேமரா பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஒரு சின்ன மெமரி கார்டு கிடந்ததாம். அரதப் பழசு, இன்றைக்குக் கைப்பேசியில்கூட அதைவிட அதிக இடம் இருக்கும். அதன் முதுகில் காய்ந்துபோன குங்குமப் பொட்டு. படத்துக்குக் கீழே கேள்வி: "அக்கா, இத ஃபார்மட் பண்ணிடலாமா? இன்னொண்ணு, நாளைக்கு ஷூட்டுக்கு டைரக்டர் 8கே ரா கேக்குறாரு. குடுக்கவா, இல்ல 4கே போதும்லான்னு சொல்லவா?"

இரண்டு கேள்விக்கும் ஒரே கதைதான் பதில். அதைக் கைப்பேசியில் தட்டினால் கட்டைவிரல் தேய்ந்துவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். ஷாலினி, பொறுமையாகப் படி.

என் பெயர் தனலெட்சுமி. படப்பிடிப்புகளில் 'டேட்டா அக்கா'. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண வீடியோ கடையில் கேசட்டுக்கு லேபிள் ஒட்டத் தொடங்கினேன். கேசட் போய் டிஸ்க் வந்தது, டிஸ்க் போய் கார்டு வந்தது. கடைசியில் சுங்கை வேயில் சினிமா கேமரா வாடகைக்கு விடும் ஒரு கடையில் வந்து நின்றேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இவ்வளவு போதும். அதில் திட்டு வாங்கியதைத் தவிர ருசியான விஷயம் எதுவும் கிடையாது.

என் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. கேமராவிலிருந்து நிறைந்த கார்டு வெளியே வந்ததும் அதன்மேல் சிவப்பு டேப் ஒட்டுவேன். சிவப்பு டேப் கார்டை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. உள்ளே இருப்பதை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் தனித்தனியாக ஏற்றுவேன். ஏற்றியது அசலோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறதா என்று கணினி சரிபார்க்கும். கணினியை நான் நம்பமாட்டேன். ஒவ்வொரு ஷாட்டையும் திறந்து, தொடக்கத்தையும் முடிவையும் என் கண்ணால் பார்ப்பேன். பிறகுதான் பச்சை டேப். பச்சை டேப் கார்டைக் கேமராவில் போட்டபிறகும் உடனே அழித்துவிட முடியாது. கேமரா உதவியாளர் "ஃபார்மட்?" என்று உரக்கக் கேட்க வேண்டும், நான் "ஃபார்மட்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. நான் கொசுவுக்குத் தலையை உதறியதை அனுமதி என்று எடுத்துக்கொண்ட ஒரு புண்ணியவானால் வந்த சட்டம் அது.

ரா என்பது பாசாரில் வாங்கிய மீனைச் செதில்கூட எடுக்காமல் முழுசாக வீட்டுக்குக் கொண்டுவருவது மாதிரி. குழம்பா வறுவலா என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம். நிறமோ வெளிச்சமோ எதுவும் அங்கேயே முடிவாகிவிடுவதில்லை. ஆனால் முழு மீனைத் தூக்கப் பெரிய பை வேண்டும். அதிலும் 8கே என்றால் சுறா. இவ்வளவும் தூக்கிக்கொண்டு போய், கடைசியில் தியேட்டருக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் 2கே அளவுக்குச் சுருக்கித்தான் அனுப்புவோம். அதனால் 8கே என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். காப்பி ஆகும்வரை காவல் இருப்பவள் நான்தானே.

என் மேலாளர் என்று சொல்ல வேண்டுமானால் ஒளிப்பதிவாளர் ஜெரார்டைத்தான் சொல்ல வேண்டும். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட இளையவர், இருந்தாலும் நான் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவேன். குரலை உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும் மனிதர் அவர். ஒரு 'ப்ளீஸ்' வந்தால் சாதாரண வேண்டுகோள். இரண்டு 'ப்ளீஸ்' வந்தால் விளக்குக்காரர்கள் ஏணியிலிருந்து இறங்கி ஓரமாக நிற்பார்கள். மூன்று 'ப்ளீஸ்' யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்டவர் உயிரோடு இல்லை என்று ஒரு பேச்சு உண்டு.

இனி அந்தப் படம். இயக்குநர் தர்மேந்திரனுக்கு, எங்களுக்கெல்லாம் தர்மேன், அது முதல் படம். தயாரிப்பாளர் மணியம் அண்ணன், கிள்ளானில் லோரி ஓட்டி, பிறகு லோரிகள் வாங்கி விட்டவர். தங்கமான மனிதர், சாமி விஷயத்தில் மட்டும் இரும்பு. முதல் நாள் பூஜை அவருடைய லோரி கொட்டகையிலேயே நடந்தது. கேமராவுக்குச் சந்தனம் வைக்க வந்தவரிடமிருந்து காற்றுத் துவாரத்தையும் கார்டு போடும் இடத்தையும் கையால் மறைத்துக்கொண்டு நான் நின்றேன். முதல் ஷாட், வழக்கம்போல மாலை போட்ட பிள்ளையார் படம். முதல் ஷாட் என்பதால் ஜெரார்ட் பெரிய மனசு பண்ணி 8கே, அதையும் இருப்பதிலேயே குறைவாகச் சுருக்கும் கம்ப்ரெஷன் வைத்துவிட்டார். அந்தக் காட்சியில் அசைந்தது சாம்பிராணிப் புகை மட்டும்தான்.

கேமரா ஓடத் தொடங்கியதும் மணியம் அண்ணன் கையைத் தூக்கினார்.

"ஒரு விஷயம். மொத ஷாட்டுல 'கட்'டுன்னு யாரும் சொல்லக் கூடாது. வெட்டுற பேச்சு நல்ல காரியத்துல காதுல விழக் கூடாது."

தர்மேன் என்னைப் பார்த்தான். நான் ஜெரார்டைப் பார்த்தேன். ஜெரார்ட் பிள்ளையாரைப் பார்த்தார். 'கட்' சொல்லாமல் ஷாட்டை எப்படி முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டனை அழுத்தி நிறுத்தலாம்தான். ஆனால் இயக்குநர் சொல்லாமல் அழுத்த உதவியாளருக்குப் பயம். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. குருக்கள் அர்ச்சனை முடித்து, தீபாராதனை காட்டி, பிரசாதம் கொடுத்து, பஸ் பிடிக்கப் போய்விட்டார். கார்டு முழுசாக நிறைந்து, கேமரா தானாக நின்றது.

"பாத்தீங்களா, அவரே நிறுத்திட்டாரு" என்றார் மணியம் அண்ணன். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் முறைப்படி சிவப்பு டேப் ஒட்டி, இரண்டு காப்பி எடுத்து, சரிபார்த்து, பச்சை டேப் ஒட்டி வைத்தேன். அண்ணன் வந்து அந்தக் கார்டை எடுத்து, குங்குமம் வைத்து, மஞ்சள் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். படம் முடியும்வரை அதை அழிக்கக் கூடாதாம். என் முறையில் சிவப்பு உண்டு, பச்சை உண்டு. மஞ்சளுக்கு இடமே இல்லை. மொத்தம் மூன்று கார்டுகள் வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒன்று சாமியிடம் போக, மீதி இரண்டை வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் ஓட்டினோம்.

வில்லங்கம் டெங்கில் என்ற ஊரில் வந்தது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ஒரே ஒரு பழைய வீடு மிச்சம் இருந்தது. புது வீடமைப்புக்காக அதையும் இடிக்கப் போகிறார்கள். கதைப்படி ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும், அந்த வீடு இடிபடும். அதுதான் கடைசி ஷாட். வீடு ஒன்றுதான், விழுவதும் ஒரு முறைதான். அந்த ஷாட் கிடைக்காவிட்டால் தர்மேனின் படத்துக்கு முடிவே இல்லை. பையன் அதற்காகத் தூக்கமில்லாமல் கன்னம் ஒட்டிப்போயிருந்தான்.

காலையில் குடும்பம் கிளம்பும் காட்சி. "4கே வைப்போம் பாஸ், கார்டு மிஞ்சும்" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அக்கா, இந்த கேமராவுல 4கே போட்டா சென்சார்ல நடு பாகம்தான் வேல செய்யும். வீடு பாதிதான் தெரியும். பின்னால போலாம்னா லோங்காங்குல விழணும். இருக்குறதுலயே அகலமான லென்ஸ் இப்ப மாட்டியாச்சு. ப்ளீஸ்" என்றார் ஜெரார்ட். திரும்பிப் பார்த்தேன். எருமை விழுந்தாலும் தெரியாத ஆழத்துக்கு லோங்காங், பெரிய சாக்கடைக் கால்வாய், ஓடியது. அவர் சொன்னது சரிதான். 8கே ஓடி, காலைக் காட்சியிலேயே இரண்டு கார்டும் நிறைந்தன. மண்வாரி இயந்திரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும் என்று சொல்லியிருந்ததால், அதற்குள் காப்பி எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கணினித் திரையில் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது.

அப்போது செம்மண் பாதையில் மண்வாரி வந்து நின்றது. ரொஸ்லி என்கிற மலாய்க்காரர் அதிலிருந்து இறங்கினார். வேறு இடத்தில் அவசர வேலையாம். இப்போது இடித்தால் உண்டு, இல்லையென்றால் நாளை வேறு ஆள் வந்து நம்மைக் கேட்காமல் இடித்துவிட்டுப் போவான். எங்கள் கேமரா கடைக்குப் போன் போட்டால் மற்ற கார்டுகள் எல்லாம் ஒரு விளம்பரப் படத்துக்குப் போய்விட்டன என்றார்கள்.

"ஒரு காப்பி பாதிக்கு மேல ஏறிடுச்சில்ல அக்கா, அந்த கார்ட அழிச்சிடலாமே" என்றான் தர்மேன்.

"பாதி ஏறுன காப்பி காப்பி இல்லடா. காலையில எடுத்தது போயிட்டா, வீடு விழுறத மட்டும் வெச்சு நீ என்னத்தப் படம் காட்டுவ?"

எல்லாருடைய கண்ணும் ஒரே நேரத்தில் மணியம் அண்ணனின் சட்டைப் பைக்குப் போனது. அவர் கை தானாகப் பையை மூடிக்கொண்டது.

"அது மட்டும் நடக்காது."

"அண்ணே, ரெண்டு காப்பி இருக்கு. அசலுக்கும் அதுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கெடையாது" என்றேன்.

"தங்கச்சி, ஒன் மவன் போட்டோ வீட்டுல மாட்டியிருக்குல்ல? போட்டோதான் இருக்கேன்னு மவன வெளிய தொரத்திடுவியா?"

இத்தனை வருட அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் பார்த்ததில்லை. பிள்ளையாரை அப்படியே விட்டுவிட்டு மீதி இடத்தில் எடுக்கவும் முடியாது. கார்டு முழுக்க அவர்தான் நிறைந்திருந்தார். தர்மேன் ஒரு செங்கல்மேல் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். 

அப்போதுதான் ஜெரார்ட் வாயைத் திறந்தார். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, ப்ளீஸ். சின்ன வயசுல எங்க பக்கத்து வீட்டுக்காரங்க சதுர்த்திக்கு மண்ணுல பிள்ளையார் செஞ்சு கும்புட்டு, அப்புறம் மோரிப் கடலுக்குக் கொண்டு போவாங்க. நானும் வேன்ல ஏறிடுவேன், சுண்டலுக்காக. தண்ணியில விட்டதும் கரைஞ்சிடுவாரு. யாரும் அவர அழிச்சிட்டோம்னு சொல்லல. அனுப்பி வெச்சோம்னுதான் சொன்னாங்க."

மணியம் அண்ணன் சட்டைப் பையை ஒருமுறை தடவினார். மண்வாரியைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், தொப்பிக்குள் இருந்த தர்மேனைப் பார்த்தார்.

"அப்ப முறையா அனுப்பணும்" என்றார்.

முறை என்றால் என்ன என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்தது. தேங்காய் உடைக்க வேண்டும், சரி. சூடம் காட்ட வேண்டும், சரி. மூன்று முறை தண்ணீரில் முக்க வேண்டும். அங்கேதான் நான் குறுக்கே விழுந்தேன். சினிமா கார்டைத் தண்ணீரில் முக்குவது என்றால் என்னைப் படுக்கவைத்துக் கழுத்தை அறுப்பது மாதிரி. பேரம் நடந்தது. முடிவில், மைக்கை மழையிலிருந்து காப்பாற்ற சவுண்டுக்காரர் வைத்திருந்த ஜிப் பை ஒன்றுக்குள் இன்னொன்று வைத்து, அதற்குள் கார்டைப் போட்டு முக்குவது என்று உடன்பாடு வந்தது. சாப்பாடு கொண்டுவந்தவரின் நீல வாளியில் தண்ணீர் வந்தது. கார்டு மூன்று முறை மூழ்கி எழுந்தது. ஒவ்வொரு முறையும் நானும் மூச்சை அடக்கினேன்.

கூட்டம் வாளியைச் சுற்றிக் கைகூப்பி நிற்பதைப் பார்த்து ரொஸ்லி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மெதுவாக என் பக்கத்தில் வந்தார். "பூனை செத்துடுச்சா, காக்?" என்று, அக்கா முறை வைத்து, மலாயில் துக்கமாகக் கேட்டார். இல்லை, மெமரி கார்டு என்றேன். அவர் இன்னும் துக்கமாகத் தலையாட்டினார்.

"இந்தத் தண்ணிய கால் படுற எடத்துல ஊத்தக் கூடாது" என்று சொல்லி வாளியை நாற்காலிக்கு அடியில் பத்திரமாக வைத்தார் அண்ணன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும்.

கார்டு கேமராவுக்குள் போனது. உதவியாளர் "ஃபார்மட்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மணியம் அண்ணன் குரல் வந்தது: "போயிட்டு வாங்க சாமி." என் சட்டப்படி அது செல்லாது. ஆனாலும் அவர் கும்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். ஒரு நிமிடம் கழித்து "ஃபார்மட்" என்றேன்.

அடுத்த சண்டை கம்ப்ரெஷன். குறைவாக வைத்தால் கார்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், கூரை எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. அதிகம் வைத்தால் புழுதி பறக்கும்போது படம் குழைந்துபோகும் என்றார் ஜெரார்ட். "நடுவுல வைப்போம் அக்கா. ப்ளீஸ். ப்ளீஸ்." விளக்குக்காரர்கள் ஏணியிலிருந்து இறங்கினார்கள். நடுவில் வைத்தோம்.

மண்வாரி கையைத் தூக்கித் தகரக் கூரையில் வைத்தது. வைத்த இடத்திலேயே நின்றது. ரொஸ்லிக்குப் போன் வந்துவிட்டது. அவர் நிதானமாகப் பேசினார். வீட்டுக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கார்டில் இடம் குறைந்துகொண்டே போவதை உதவியாளர் மந்திரம் மாதிரி முணுமுணுத்தார். நிறுத்தவும் முடியாது, நிறுத்திய நொடியில் கூரை சரிந்துவிட்டால் என்ன செய்வது. தர்மேன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். வளையல் பதிந்த தழும்பு இரண்டு நாள் இருந்தது.

பிறகு ரொஸ்லி போனை வைத்தார். கூரை மடங்கியது. சுவர் ஒரு பெருமூச்சு விட்டது மாதிரி உட்கார்ந்தது. வெள்ளைப் புழுதி எழும்பி வீட்டையும் மண்வாரியையும் சேர்த்து மறைத்தது. மண்வாரி பின்வாங்கிப் படச் சட்டத்துக்கு வெளியே போனது. தர்மேன் அழுதுகொண்டிருந்தான். 'கட்' என்று சொல்ல வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

புழுதி மெல்ல அடங்கியது. இடது ஓரத்தில், கொல்லைப்புறத்தில், ஒரு முருங்கை மரம் மட்டும் தப்பித்து நின்றது. அதை நோக்கி, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நீல வாளியுடன் ஒருவர் நடந்து போனார். மணியம் அண்ணன். நாங்கள் எல்லாரும் ஷாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கால் படாத இடம் தேடியிருக்கிறார். மரத்தடியில் குனிந்து, தண்ணீரைச் சிந்தாமல் மெதுவாக ஊற்றினார். வாளியைக் கவிழ்த்துத் தட்டினார். நிமிர்ந்து, விழுந்த வீட்டை ஒருமுறை பார்த்தார். கார்டு நிறைந்து கேமரா தானாக நின்றது.

"ப்ளீஸ்" என்றார் ஜெரார்ட். "ப்ளீஸ். ப்ளீஸ்."

மூன்றையும் கேட்டுவிட்டு நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

சிவப்பு டேப் ஒட்டி, காப்பி எடுத்து, கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் 8கேயின் அருமை புரிந்தது. தியேட்டருக்கு 2கே போதும் என்பதால், இடது பக்கத்தை வெட்டி எறிந்தாலும் மீதியில் படம் கெடாது. வேட்டியும் வாளியும் இல்லாமல் வீடு விழும் ஷாட் சுத்தமாகக் கிடைக்கும். வாழ்நாள் முழுக்கத் திட்டிய 8கேயை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். தர்மேன் அப்படியே வெட்டிப் படத்தில் சேர்த்தான். மணியம் அண்ணன் பார்த்து "நல்லாருக்கு" என்றார். நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து தர்மேன் வெட்டியதைத் திரும்ப ஒட்டிவிட்டான். முழு அகலத்தில், மரம், வாளி, வேட்டி எல்லாம் இருந்தது. ஏன் என்று கேட்டால், "தெரியலக்கா, அவரு இல்லாம வீடு சும்மா விழுது" என்றான். அத்தனை சண்டை போட்டு எடுத்த 8கே, ஒரு ஓரம்கூட வெட்டப்படாமல் 2கே ஆகிப் போனது.

ஆகவே ஷாலினி, 8கே வேண்டுமா என்று இயக்குநரைக் கேட்காதே. கேமராவுக்குப் பின்னால் இடம் இருக்கிறதா, கார்டு எத்தனை, படச் சட்டத்துக்குள் யார் நடந்து வரக்கூடும் என்று கேள். அந்தச் சின்னக் கார்டை ஃபார்மட் பண்ணாதே. அது சாமி கார்டு, டெங்கிலுக்குப் பிறகு பூஜை ஷாட்டுக்கென்றே நான் தனியாக வாங்கி வைத்தது. பூஜை ஷாட்டை இருப்பதிலேயே சின்ன அளவில் அதில் எடு. முடிக்கும்போது 'கட்' வேண்டாம். வீட்டில் அரிசி தீர்ந்தால் சொல்வோமே, 'நிறைஞ்சிருச்சு' என்று, அதையே சொல். எங்கள் கடையில் அப்படித்தான் வழக்கம்.

படம் வெளியான அன்று கிள்ளானில் ஒரு தியேட்டரில் மணியம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த முருங்கை மரம் மறுநாளே மண்வாரிக்குப் போய்விட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். திரையில் புழுதி அடங்கியது, வாளியுடன் அவர் நடந்து வந்து தண்ணீர் ஊற்றினார். எங்களுக்குப் பின் வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். "பாவம்லா, வீட்டுக்காரரு போல. இனிமே யாருக்குன்னு அந்த மரத்துக்குத் தண்ணி ஊத்துறாரு" என்றாள்.

மணியம் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே என் பக்கம் சாய்ந்தார்.

"கால் படக் கூடாதுன்னுதான் போனேன், தங்கச்சி" என்றார். பிறகு தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன்னையே பார்த்து அழத் தொடங்கினார்.